மழையில்லாத நாளில் ஓடும் மழைநீர்

மதிப்புக்குரிய சபையோரே,

ஐந்து நாட்களாக வெள்ளவத்தையில் மழை இல்லை. ஆயினும், இம்மண்டபத்துக்கு வரும் வழியில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் வடிகானை அதன் கொங்கிறீற்று மூடியின் இடுக்கு வழியே குனிந்து பார்த்தபோது, உள்ளே சாம்பல் நிற நீர் நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் சோற்றுப் பருக்கைகள் மிதந்தன. மழைநீருக்கென்று கட்டிய கானில், மழையில்லாத நாளில் ஓடும் நீர் யாருடையது? இன்று நான் பேச வந்தது இந்தக் கேள்வியைப் பற்றியே.

கொழும்பு நகரில் கழிவுநீருக்கு ஒரு குழாய் அமைப்பும், மழைநீருக்கு வேறோர் அமைப்பும் உண்டு. முன்னது ஆங்கிலேயர் ஆட்சியில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலத்தடியில் இடப்பட்டது. பின்னதோ எந்தச் சுத்திகரிப்பும் இன்றி நேரே கால்வாய்க்கும் பேர வாவிக்கும் கடலுக்கும் போகிறது. இரண்டும் ஒன்றென்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். கானில் ஊற்றிவிட்டால் 'மாநகர சபை பார்த்துக்கொள்ளும்' என்று கைகழுவுகிறோம்.

கானில் சேர்வது வீடுகளும் கடைகளும் ஊற்றும் நீர் மட்டுமன்று. வாகனங்கள் சிந்தும் எண்ணெய், பிரேக் தேய்ந்து உதிரும் தூசு, கட்டட வேலைத்தலத்து மணல், நாயின் மலம் எல்லாம் வெயில் நாட்களில் தார் மேல் படிந்திருந்து, நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையின் முதற் பகுதியிலேயே பெரும்பாலும் அடித்துச் செல்லப்படுகின்றன. எனவே மழைக்கு முன் வீதியைக் கூட்டுவதும், வடிகானின் மண்டியை அள்ளுவதும் அழகுக்கான வேலைகள் அல்ல. அள்ளிய மண்டியைக் கான் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால், அடுத்த மழை அதை மீண்டும் உள்ளே தள்ளிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் முதலில் தொழிற்சாலைக் குழாய்களையும் கழிவுநீர் நிலையங்களையுமே குறிவைத்தது. 1987இல் அது திருத்தப்பட்டு, 1990இல் விதிகள் வந்தபின், ஒரு இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்கள் தம் மழைநீர் வடிகானுக்கே அனுமதிப்பத்திரம் பெற நேர்ந்தது. அதன் நிபந்தனைகளுள் என்னைக் கவர்ந்தது ஒன்று: நகரம் தன் வடிகான்களின் நீர் வெளியே போய் விழும் வாய்களை வரைபடத்தில் குறித்து, மழையில்லாத நாட்களில் சென்று பார்க்க வேண்டும். நீர் ஓடினால் அதில் சவர்க்காரமா, கழிவுநீரைக் காட்டிக்கொடுக்கும் அமோனியாவா என்று சோதித்து, கானின் மேற்புறமாக மூடி மூடியாகத் திறந்து, களவாக இணைத்த குழாயைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. நடக்கும் கால்களும் ஒரு குறிப்பேடும் எளிய சோதனைப் பொருட்களும் போதும்.

இங்கே தடையாக நிற்பது பொறுப்புப் பிரிந்து கிடப்பதே. சிறு வீதியின் கான் மாநகர சபையுடையது. பெருவீதியோரக் கான் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. பிரதான கால்வாய்கள் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் உள்ளன. வெள்ளவத்தைக் கால்வாயின் வாயை மணல் அடைத்து நீர் தேங்கி நாறும்போது, எவரிடம் முறையிடுவது என்று குடிமகன் திண்டாடுகிறான். எனினும் அழுக்கு கானுக்குள் இறங்கும் இடம் ஏறக்குறைய எப்போதும் ஒரு வீட்டின், கடையின், கராஜின் வாசல்தான். அந்த வாசல் உள்ளூராட்சி மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், மாசு குறைந்த சிறு தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரமும் அம்மன்றங்களிடம் உண்டு. டெங்குக்காக நம் பூச்சாடித் தட்டுகளை எட்டிப்பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதே வருகையில் சமையலறைக் குழாய் எங்கே போய் முடிகிறது என்றும் பார்க்கலாமே.

தண்டம் விதித்தால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒழுங்கையின் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் பேசினேன். எண்ணெயையும் கொழுப்பையும் தடுக்கும் தொட்டி கட்ட இடமில்லை, கழிவுநீர் இணைப்புக்குக் கட்டும் பணமும் கையில் இல்லை என்றார். "ஐயா, கானில் ஊற்றாமல் வேறெங்கே ஊற்ற?" என்று கேட்டார். இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் செலுத்தவும், நான்கைந்து கடைகள் சேர்ந்து ஒரே தொட்டியைப் பயன்படுத்தவும் சபை வழிசெய்தால், அவர் கேள்விக்கு அந்த ஒழுங்கையிலேயே விடை கிடைக்கும்.