வால் டாக்ஸ் ரோட்டின் வரியைக் கட்டியது யார்?

வணக்கம். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள், சென்னை பழைய ஜெயில் ரோட்டில் நிற்கிறேன். எனக்காக எந்த மீன்பாடி வண்டியும் ஹாரனை அடக்காது.

இந்தச் சுவரைப் பாருங்கள். இன்னும் கிட்டே வருகிறேன். செங்கல், இடையில் உதிர்கிற சுண்ணாம்புக் காரை, விரிசலில் விரல் உயரத்துக்கு ஓர் அரசங்கன்று. மேலே பூங்கா, அதனால்தான் மாடிப் பூங்கா என்று பெயர். என் ஆயா இதை 'ஜெயில் மதில்' என்பார். ரோட்டின் பெயர் அப்படி; நானும் நம்பினேன்.

உண்மையில் இது ஊர் மதில். 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள், அதாவது கோட்டைக்கு வெளியே நம் ஆட்கள் குடியிருந்த ஊருக்குள், புகுந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. பிறகு ஹைதர் அலி பயம். கிழக்கிந்தியக் கம்பெனி ஊரைச் சுற்றி மதில் எழுப்பியது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்ட். செலவை ஊர்க்காரர்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தார்கள், வசூலாகவில்லை. சென்ட்ரல் பக்கத்தில் வால் டாக்ஸ் ரோடு, அதாவது 'மதில் வரி' ரோடு, என்ற பெயர்தான் மிச்சம். இதைச் சொன்னதும் டீக்கடை அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்: "அப்போதே நம் ஆட்கள் கட்டவில்லையா?"

அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த வீடியோ. ஆனால் இதுபோல மத்திய அரசு பாதுகாக்கும் சின்னம் என்றால் சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். 2010 சட்டத் திருத்தம் அது. ஒழுகுகிற கூரையைப் பழுது பார்க்கவும் மனுப்போட வேண்டும். தொல்லியல் என்பது மனுவாக மட்டுமே வீட்டு வாசலுக்கு வந்தால் அந்தச் சுவர் மேல் யாருக்குப் பாசம் வரும்? அரசங்கன்றை யார் பிடுங்குவார்கள்?

கீழடியில் குழி வெட்டியது தனியார் தென்னந்தோப்புகளில். நிலத்துக்காரர்கள் இடம் கொடுத்தார்கள். ஊர் ஊராக ஆட்கள் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பானை ஓட்டைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அது பாடப்புத்தகப் படம் இல்லை. இங்கே குழிகூட வேண்டாம், சுவர் வெளியிலேயே நிற்கிறது. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் அழைத்து வந்து சொன்னால் போதும்.

நேற்று ஆயாவிடம் சொன்னேன், இது ஜெயில் மதில் இல்லை என்று. வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: "அப்படியென்றால் உன் தாத்தா என்னிடம் பொய் சொன்னாரா?"