குரங்குக்கு வக்காலத்து

(பட்டிமன்றத் தலைப்பு: 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இலங்கை மின்சார சபைக்கு வேண்டியது தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிப்பா, பழுதுபார்ப்பா? ‘பழுதுபார்ப்பே’ அணியின் உரை.)

நடுவர் ஐயா, எதிரணியினரே, சபையோரே, வணக்கம். தந்திருப்பது எட்டு நிமிடம். வரவேற்பில் ஒரு நிமிடத்தைத் தொலைக்க நான் தயாரில்லை.

எதிரணித் தலைவர் சற்றுமுன் ஒரு கேள்வி கேட்டார். “அன்று ஒரு குரங்கு இலங்கைக்குத் தீ வைத்தது. இன்று ஒரு குரங்கு இலங்கையின் விளக்கையே அணைத்தது. குரங்கு தொட்டால் விழுகிற சபையைப் பிரிக்காமல் பொட்டு வைத்துக் கும்பிடவா சொல்கிறீர்கள்?” நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஐயா, இனி நான் சபைக்காகப் பேசவில்லை. அந்தக் குரங்குக்காகவே பேசுகிறேன். அது என் கட்சிக்காரர்.

சம்பவத் திகதி 2025 பெப்ரவரி 9. ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணி தாண்டிய நேரம். இடம் பாணந்துறை உப மின் நிலையம். என் கட்சிக்காரர் உள்ளே போனார். தொடக்கூடாததைத் தொட்டார். பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை நாடு முழுக்கக் கரண்ட் இல்லை! அமைச்சரே முன்வந்து “குரங்குதான்” என்றார். வாய் பேசாத பிராணி, மறுப்பறிக்கை விடுமா?

குறுக்கு விசாரணைக்கு வருகிறேன். என் கட்சிக்காரர் ஞாயிற்றுக்கிழமை போனார். அதுதான் அவர் செய்த ஒரே பிழை! வேலை நாளில் போயிருந்தால் பெரும்பாலும் பாணந்துறைப் பக்கத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ஏன்? ஞாயிறு தொழிற்சாலையும் கந்தோரும் பூட்டு, மின்பாவனை குறைவு. உச்சி வெயிலில் கூரைகளிலுள்ள சூரியப் பலகைகள் கரண்டை அள்ளிக் கொட்டுகின்றன. அதற்கு இடம் கொடுக்க நீர், அனல், எண்ணெய் இயந்திரங்களில் பலவற்றை நிறுத்திவைக்கிறார்கள். அந்த இயந்திரங்களின் சுழலும் பாரம்தான் ஒரு பழுது வரும்போது மீடிறனை, அதாவது மின்னோட்டம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கை, 50 ஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில் சில விநாடிகளாவது பிடித்து வைக்கும். ஓடுகிற சைக்கிள் கல்லில் ஏறினாலும் விழாது, நிற்கிற சைக்கிளைச் சின்னப் பிள்ளை தட்டினாலே சாயும்.

அன்று நின்ற சைக்கிள். பழுது வந்ததும் வோல்ட்டேஜ் சரியும். சரிந்ததும், பலகைக் கரண்டை மின்வலைக்கு ஏற்றபடி மாற்றுகிற கூரை இன்வேட்டர்கள் தாங்களாகவே கழன்றுகொள்ளும். உற்பத்தி குறைய மீடிறன் விழும். மீடிறனைக் காப்பாற்றத் தானியங்கிப் பாதுகாப்புச் சுவிட்சுகளான ரிலேக்கள் சில ஊர்களின் லைனை வெட்டும். வெட்டிய லைனிலும் சூரியப் பலகை இருக்கிறதே! பாவனையை வெட்டப் போய் உற்பத்தியையும் சேர்த்து வெட்டுகிறார்கள். கடைசியில் 900 மெகாவாட் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையமும் படுத்தது. அது சுவிட்சைத் தட்டினால் எழும்புகிற சாமான் இல்லை. கொதிகலன் சூடேற வேண்டும். அதனால்தான் 10ஆம், 11ஆம் திகதிகளிலும் ஒன்றரை மணிநேர வெட்டு. இத்தனையும் என் கட்சிக்காரர் தலையிலா?

இதற்கு மருந்து என்ன? மின்வலையைத் தாங்கும் பெரிய பற்றரிகள். வோல்ட்டேஜ் கொஞ்சம் சரிந்தாலும் கழலாதபடி இன்வேட்டர்களின் செட்டிங். வேண்டும்போது தூரத்திலிருந்தே கூரை உற்பத்தியைக் குறைக்கும் வசதி. மின்கடத்திகளுக்குக் காப்புறை. அதே ஆண்டு ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரை பலகைகளை அணைத்து வையுங்கள் என்று வீட்டுக்காரர்களைக் கெஞ்சினார்களே, அந்தத் தூரக் கட்டுப்பாடு இல்லாத குறைதான்! எதிரணி தரும் மருந்து என்ன? சபையைப் பிரிக்கிற 2024இன் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இன் திருத்தமும். உற்பத்திக்கு ஒரு கம்பனி, மின் கடத்தலுக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று, முழு மின்வலையையும் இயக்க ஒன்று. என் கட்சிக்காரர் அடுத்த முறை ஏறினால் எந்தக் கம்பனியின் கம்பியில் வால் பட்டது, எந்தக் கம்பனியின் கம்பியில் கை பட்டது என்று தீர்க்கவே மூன்று தவணை போகும்!

“குரங்கை விடும், நட்டத்தைப் பாரும்” என்கிறார்கள். பார்க்கிறேன். 2013இலிருந்து 2022 வரை கட்டணத்தை உயர்த்த விடாமல் பிடித்து வைத்தது யார்? அரசியல். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் வெட்டினார்களே, இயந்திரம் இல்லாமலா? எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல். பிறகு 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் கட்டணம் ஏறியது. அந்த ஆண்டே சபை லாபம் கண்டது. அப்போது சபை ஒன்றாகத்தான் இருந்தது, ஐயா.

அந்த லாபம் யாருடைய பணம்? மாதம் 30 அலகு பாவிக்கிற வீட்டை எடுங்கள். இரண்டு பல்ப், கொஞ்ச நேரம் டீவி, ஒரு போன் சார்ஜ். பிரிட்ஜ் கிடையாது. அந்த வீட்டுக்கு 105 ரூபாய் வந்த பில் 360 ஆகி, ஆறே மாதத்தில் 1300 ஆனது. மலையகத்து லயத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்த தாய், கரண்டை வெட்டுவோம் என்ற சிவப்பு அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் பரீட்சைக்கு மெழுகுதிரி வாங்கினாள். நாட்டின் கடனை அடைத்தவள் அவள். புயலில் மரம் விழுந்தால் நடுச்சாமத்தில் கம்பத்தில் ஏறுகிற லைன்மேனும் அவளும்தான் இந்தச் சபையை நிமிர்த்தியவர்கள். இவர்களைக் கேட்டா பிரிக்கிறீர்கள்?

நாளைக்கு அவள் பில்லோடு வருவாள். விநியோகக் கம்பனி “விலை உற்பத்திக்காரரிடம்” என்னும். உற்பத்திக் கம்பனி “எங்களை இயக்குபவரைக் கேள்” என்னும். இயக்குபவர் “கம்பி கடத்தல் கம்பனியுடையது” என்பார். இதுவரை ஒரு வாசலில் நின்று அழுதவள் அவள். நாலு வாசலுக்கும் பஸ் காசு யார் கொடுப்பது, எதிரணித் தலைவர் ஐயா?