பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரான்

(மயிலாப்பூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தவர்களுக்குக் கூடுதல் வணக்கம்.

பத்தாம் வகுப்பில் எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக இருக்கும் கூடுகள் உண்டல்லவா, அதில் ஒரு கூட்டின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு இரண்டால் பெருக்கினால் அந்தக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான் அடங்கும் என்று கிடைக்கும். முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18. சரி. அடுத்த வரியிலேயே பொட்டாசியம், அணு எண் 19: 2, 8, 8, 1 என்று எழுதினார். நான் எழுந்து, "சார், மூணாவது கூட்டுல இன்னும் பத்து இடம் காலியா இருக்கே, அந்த ஒண்ணு ஏன் நாலாவதுக்குப் போகுது?" என்று கேட்டேன். "உட்காருடா, பரீட்சைக்கு அதெல்லாம் வராது" என்றார். சொன்னபடியே வரவில்லை. கேள்விதான் என்னை விட்டுப் போகவில்லை.

நம் எல்லார் மனதிலும் இருக்கும் அணுவின் படம் நீல்ஸ் போர் 1913இல் தந்தது. நடுவே அணுக்கரு, சுற்றிலும் வட்டப் பாதைகளில் எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனுக்கு அது பிரமாதமாகப் பொருந்தியது. இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்திலேயே இடறி விழுந்தது. ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் வட்டத்தை நீள்வட்டமாக்கிப் பார்த்தார்.

அந்த சோமர்ஃபெல்ட் 1928இல் நம் ஊருக்கே வந்தார். மாநிலக் கல்லூரியில் பேசினார். அவருடைய அணு அமைப்பு நூலைக் கரைத்துக் குடித்திருந்த ஒரு மாணவர், அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். பெரியவர் சொன்ன சேதி: நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, இயற்பியலே மாறிவிட்டது! அந்த மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வேறொருவராக இருந்தால் மனமுடைந்து வீட்டுக்குப் போயிருப்பார். இவர் புதியதைப் படிக்க உட்கார்ந்தார். நம் பள்ளிகளில் மட்டும் அந்தப் பழைய வட்டங்களை இன்றும் காம்பஸ் வைத்து வரைகிறோம்.

மாறியது என்ன? 1926இல் எலக்ட்ரானை அலையாகக் கருதும் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்தபின் பாதை என்ற பேச்சே போய்விட்டது. எலக்ட்ரான் எங்கே தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை ஒரு மேகமாகத்தான் சொல்ல முடியும். அதற்குப் பெயர் ஆர்பிட்டால். எஸ் ஆர்பிட்டால் உருண்டை. பி, உடுக்கை மாதிரி இடை சிறுத்தது. டி பெரும்பாலும் நான்கு இதழ். ஒவ்வொரு கூட்டிலும் எஸ் ஒன்றுதான். இரண்டாவதிலிருந்து பி மூன்று சேரும், மூன்றாவதிலிருந்து டி ஐந்து சேரும்.

ஷ்ரோடிங்கருக்கு ஒரு வருடம் முன்பே பௌலி என்ற இயற்பியலாளர் ஒரு தடை போட்டிருந்தார். ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்தான் இருக்கலாம், அதுவும் எதிரெதிர்த் தற்சுழற்சியோடு. மூன்றாவது கூட்டில் ஒன்றும் மூன்றும் ஐந்தும் சேர்ந்து ஒன்பது ஆர்பிட்டால். ஆளுக்கு இரண்டு என்றால் 18. கரும்பலகைக் கணக்கில் கடைசியாக வந்த அந்த "இரண்டால் பெருக்கு" பௌலியின் இரண்டு. செத்த நட்சத்திரம் ஒன்று தன் எடையாலேயே நசுங்கிப்போகாமல் தாங்கி நிற்பதும் இதே தடையால்தான். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறை வரைதான் அது தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவரும் அதே சந்திரசேகர்தான்.

இப்போது பொட்டாசியம். பதினெட்டு எலக்ட்ரான்கள் அணுக்கருவை மறைத்து நிற்கின்றன. பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதியில் நின்றிருக்கிறீர்கள் அல்லவா? கூட்டத்துக்குப் பின்னால் மரியாதையாக நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தரிசனம். இடுக்கில் தலையை நுழைக்கத் தெரிந்தவருக்குக் கொஞ்சமாவது சாமி தெரியும். நான்காம் கூட்டின் எஸ் அப்படிப்பட்ட ஆள். அதன் மேகம் பெரும்பாலும் வெளியே இருந்தாலும், ஒரு சிறு பகுதி அணுக்கருவின் அருகு வரை நுழைகிறது. இழுவிசையைக் கூடுதலாகப் பெறுகிறது. மூன்றாம் கூட்டின் டி மேகம் அணுக்கருவின் பக்கமே போவதில்லை. அதனால் பொட்டாசியத்தில் நான்காம் எஸ்ஸுக்கு ஆற்றல் குறைவு. பத்தொன்பதாவது எலக்ட்ரான் அங்கே போகிறது. காலி இடம் எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை, ஆற்றல் எங்கே குறைவு என்றுதான் பார்க்கிறது.

இதை நிரந்தர விதியாக மனப்பாடம் செய்துவிடாதீர்கள். அணுக்கருவின் மின்சுமை கூடக்கூட டி ஆற்றலில் கீழே இறங்கிவிடுகிறது. இரும்பு அயனியாகும்போது முதலில் இழப்பது நான்காம் எஸ் எலக்ட்ரான்களைத்தான். குரோமியமும் செம்பும் எஸ்ஸில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை டிக்கு அனுப்பிவிடும்.

வீட்டில் பார்க்க ஒன்று உண்டு. சாம்பார் பொங்கி வழிந்தால் கேஸ் அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகிறதே, அது உப்பிலுள்ள சோடியத்தின் பதினோராவது எலக்ட்ரான் மூன்றாம் எஸ்ஸிலிருந்து மூன்றாம் பிக்கு ஏறி, இறங்கும்போது விடும் ஒளி. அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். நம் தெருக்களில் முன்பு எரிந்த சோடியம் விளக்குகளின் மஞ்சளுக்கும் மூலம் அதுதான். பொட்டாசியத்தின் சுடர் இளம் ஊதா. ஆனால் துளி சோடியம் கலந்திருந்தாலும் மஞ்சள் அதை விழுங்கிவிடும். கல்லூரி ஆய்வகங்களில் கோபால்ட் சேர்த்த நீலக் கண்ணாடி ஒன்றை வைத்திருப்பார்கள். அதன் வழியே பார்த்தால் மஞ்சள் மறைந்து, அந்த ஊதா தெரியும்.