தாமஸ் கிரகாம்: 45 வயதில் போர்க்களம் புகுந்த பிரபு

(திரையில்: எடின்பரோ தேசிய ஓவியக் கூடம்)

வணக்கம். தூணருகே கையில் இறகுடன் நிற்கும் இந்தப் பெண்மணி, மேரி கேத்கார்ட். கெயின்ஸ்பரோ தீட்டிய இந்த ஓவியம் 1777-இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இவருடைய கணவர் தாமஸ் கிரகாமின் வாழ்க்கையைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

1748-இல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் ஒரு நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்த கிரகாம், 1774-இல் மேரியை மணந்தார். நாற்பது வயதைக் கடந்த பின்னும் பண்ணை, குதிரை, வேட்டை என்றிருந்த அவருக்கும் படைக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. காசநோயால் நலிந்த மேரியைத் தென் பிரான்சின் வெயிலுக்கு அழைத்துச் சென்றும் பயனில்லாமல், 1792 ஜூனில் அவர் கப்பலிலேயே உயிர்நீத்தார். உடலை ஊருக்குக் கொண்டுவரும் வழியில், பிரான்சின் துலூஸ் நகரருகே பிரெஞ்சுப் புரட்சிக் காவலர்கள் சவப்பெட்டியை உடைத்துத் திறந்தனர். கணவரின் கண்முன்னே நிகழ்ந்த இந்த அவமதிப்பே அவரைப் போர்க்களத்துக்குத் தள்ளியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்த ஆண்டே, பிரான்சின் துறைமுக நகரான தூலோனின் முற்றுகையில் பிரெஞ்சுப் புரட்சிப் படைக்கு எதிராகத் தன்னார்வலராகப் போரிட்டார். 1794-இல் பிரிட்டிஷ் படையின் 90-ஆவது படைப்பிரிவைத் திரட்டியதோடு, அதே ஆண்டு பெர்த்ஷயரின் நாடாளுமன்ற உறுப்பினராகி, 1807 வரை, அன்றைய பிரிட்டனின் இரு பெரும் கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் பக்கம் நின்றார். ஆயினும் நிரந்தரப் படைத்தகுதி எளிதில் கிட்டவில்லை. 1809-இல் ஸ்பெயினின் கொருன்னாவில் நெப்போலியனின் படையுடன் போரிட்டு மடிந்த பிரிட்டிஷ் தளபதி ஜான் மூரின் கடைசி விருப்பத்தை ஏற்றே அது வழங்கப்பட்டது.

(திரையில்: பரோசா குன்றின் வரைபடம்)

1811 மார்ச் 5. ஸ்பெயினின் காதிஸ் நகரருகே பைன் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்த கிரகாமின் படைக்குப் பின்னால், மார்ஷல் விக்டரின் பிரெஞ்சுப் படை நெருங்குவதாகச் செய்தி வந்தது. 62 வயதான கிரகாம், கணமும் தயங்காமல் படையைத் திருப்பினார். மற்ற பிரிவுகள் அணிவகுக்க அவகாசம் வேண்டுமென்பதற்காக, மேஜர் பிரௌனின் 536 வீரர்களை மட்டும் வெட்டவெளிக் குன்றின்மேல் ஏறச் சொன்னார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சாய்ந்தனர். எனினும் குன்று கைவசமாயிற்று, நெப்போலியனின் படைப்பிரிவுகள் கொடிபோல் ஏந்திய கழுகுச் சின்னம் ஒன்றும் கைப்பற்றப்பட்டது. கூட்டணியின் ஸ்பானியத் தளபதியான லா பேன்யா உதவிக்கு வராததை மன்னிப்பது கடினம்.

1814-இல் லினெடாக் பிரபுவாக உயர்த்தப்பட்டபோது, அதனுடன் அளிக்க முன்வந்த ஓய்வூதியத்தை அவர் மறுத்துவிட்டார். ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு அந்தப் போரின் பெயரைத் தாங்குகிறது.

(திரையில்: மீண்டும் ஓவியம்)

மனைவி மறைந்தபின் இந்த ஓவியத்தைப் பார்க்க மனம் தாங்காமல், கிரகாம் அதைக் கண்ணுக்கு எட்டாமல் வைத்துவிட்டார். மறுமணம் செய்துகொள்ளாமல் 1843-இல், 95 வயதில் காலமானார். 1859-இல் அவருடைய வாரிசு, ஸ்காட்லாந்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையுடன் ஓவியத்தை இந்தக் கூடத்துக்கு வழங்கினார்.