பசைக் குச்சியும் மெத்தைக்கடை ஃபோமும்

(மேடை ஒப்பனை, உடை பற்றி உதகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

இன்றைய பேச்சு ட்ராக் குயின்களின் ஒப்பனை, உடை பற்றி, அதாவது பகட்டான பெண் வேடம் கட்டி மேடையேறும் கலைஞர்களைப் பற்றி. ட்ராக் குயின் என்றதும் பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரிக்கலாம், தப்பில்லை, அந்தக் கலையில் பாதி சிரிப்புதான். ஆனால் ஆண் பெண் வேடம் கட்டுவது நமக்கு என்ன புதிதா? தெருக்கூத்தில் பாஞ்சாலி கட்டியது யார்? சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்திரீபார்ட் போட்டது யார்? நாடக நடிகர் டி.கே. சண்முகம் ஔவைக் கிழவியாக மேடையேறினார். 'ஔவை' அவர் பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். திருநங்கை என்பது ஒருவருடைய வாழ்வு. ட்ராக் என்பது மேடைக்குக் கட்டும் வேடம். திருநங்கையரும் ட்ராக் கட்டுவதுண்டு, அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

அமெரிக்காவில் ரூபால் என்ற ட்ராக் கலைஞர் நடத்தும் 'ட்ராக் ரேஸ்' போட்டி 2009-ல் டிவிக்கு வந்தது. முதல் சீசனில் 9 பேர், பரிசு 20,000 டாலர். வென்றவர் கேமரூனில் பிறந்த பீபீ ஸஹாரா பெனெட். 2023-ல் வந்த 15-ஆம் சீசனில் பரிசு 2 லட்சம் டாலர். ஆனால் 2019-ல் பிபிசி தொடங்கிய பிரிட்டன் பதிப்பில் ரொக்கப் பரிசே கிடையாது. அங்கேயும் போட்டியாளர்கள் வரத்தான் செய்கிறார்கள். ஏனென்றால் பிழைப்பு டிவியில் இல்லை, அதற்குப் பிறகு கிடைக்கும் மேடைகளில் இருக்கிறது. விக், உடை, செருப்பு என்று கைக்காசைப் போட்டுப் பெட்டி கட்டிப் போகிறவர், முதல் வாரமே வெளியேறினால் பெட்டியில் பாதி திறக்காமலே திரும்பும்.

தையல் தெரியாதவர்தான் அதிகம் திண்டாடுவார். முதல் சீசனின் முதல் அத்தியாயத்திலேயே பழைய சாமான்களைக் கொடுத்து உடை தைக்கச் சொன்னார்கள். தெரியாதவர் பசையை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னைத் தூக்குவார். சூட்டில் ஒட்டிய பசை ஆறியதும் விறைத்துக்கொள்ளும், துணியோ இழுபடும். ஒரு குத்தாட்டம் போட்டால் விட்டுப்போகும். லைக்ரா என்ற இழுபடும் துணியை நேர்த்தையலில் அடித்தாலும் இதே கதிதான்: துணி நீளும், நூல் நீளாது, இடுப்பில் ஏற்றும்போதே 'படக்' என்று அறும். முனை மழுங்கிய ஜெர்சி ஊசி, ஜிக்ஜாக் தையல், உடம்பு அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டு. இந்த மூன்றும் போதும். துணிக்குக் கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதி வரை இறங்கினால் நிறமும் கிடைக்கும், விலையும் படியும்.

இடுப்பைப் பெண்ணிடுப்பாக அகலமாகக் காட்ட உடைக்குள் வைக்கும் திண்டுக்கு மெத்தைக் கடை ஃபோம். மூன்று அங்குலக் கனம் இருக்கட்டும். நீர்த்துளி வடிவில் வெட்டி, நடுவில் கனத்தை விட்டு, ஓரத்தைக் காகிதம் போல் மெலிதாகச் சீவ வேண்டும். ஓரம் தடித்தால் உடைக்கு மேலே கோடு தெரியும், இரண்டு தலையணை கட்டியதுபோல் இருக்கும். முதல் திண்டைத் திருப்பி வைத்து வரைந்து இரண்டாவதை வெட்டுங்கள். கண்ணளவுக்கு வெட்டினால் ஒரு பக்கம் ஏறும். அகலமான இடம் தொடை மூட்டு எலும்புக்கு நேரே வர வேண்டும், இடுப்பு மடிப்பில் அல்ல. மேலே டைட்ஸ் எனும் இறுக்கமான காலுறை இரண்டு மூன்று. வியர்வை குடித்த ஃபோம் நம் ஊர் ஈரத்தில் இரண்டு நாளானாலும் காயாது, நாறும். அதற்காக ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். ஃபோம் நொடியில் பற்றும். துணியுறை தைத்து, உறையைக் கழற்றித் துவைப்பதே வழி. ஹை ஹீல்ஸைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, தினமும் சரிவில் இறங்குகிற கால்களுக்கு முன்பாதத்தில் எடை தாங்கத் தெரியும்.

இனி வாயசைப்பு. ட்ராக் ரேஸில் கடைசி இரண்டு இடத்தில் வந்தவர்கள் ஒரு பாட்டுக்கு வாயசைத்து மோதுவார்கள், தோற்றவர் வீட்டுக்கு. 2017-ல், 9-ஆம் சீசனில், இரண்டு காட்சி. வாலண்டினா என்ற போட்டியாளர் முகமூடியோடு வந்து நின்றார். கழற்றச் சொன்னார் ரூபால். கழற்றியதும் தெரிந்துவிட்டது: பாட்டின் வரிகள் பாடமில்லை. வெளியேறினார். இறுதிப் போட்டியில் சாஷா வெலூர் என்ற இன்னொரு போட்டியாளர் முதலில் கையுறையைக் கழற்றினார், ரோஜா இதழ் உதிர்ந்தது. அப்புறம் விக்கைத் தூக்கினார், தலையிலிருந்து இதழ்கள் கொட்டின. இதழ் எல்லோருக்கும் கிடைக்கும். பாட்டின் எந்த அடியில் தூக்க வேண்டும் என்ற கணக்குதான் அவரை ஜெயிக்க வைத்தது. பட்டம் அவருக்கே.

கடைசியாகப் புருவம். சொந்தப் புருவத்தை மறைத்தால்தான் மேலே வில்லாக வரைய முடியும். முகத்தை சோப்பால் கழுவித் துடையுங்கள், எண்ணெய்ப்பசை இருந்தால் எதுவும் ஒட்டாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பசைக் குச்சி போதும். முதலில் முடிக்கு எதிராகத் தேய்த்து அடிவரை ஏற்றி, பிறகு சீப்புத் தூரிகையால் மேல்நோக்கிப் படிய வாருங்கள். மெல்லிய பூச்சாக மூன்று. சமவெளியில் ஒரு பூச்சு ஐந்து நிமிடத்தில் காயும். மஞ்சு இறங்கிய மாலையில் இங்கே அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பிடிக்கும். பொறுக்காமல் ஈரத்தின்மேல் அடுத்ததைப் பூசினால் திரியும், கட்டி தட்டும். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் காட்டுங்கள். காய்ந்ததும் பவுடரை அழுத்துங்கள், மேலே ஆரஞ்சு கரெக்டர், அதாவது நிறத்தை மறைக்கும் க்ரீம்; கறுப்பு முடியின் சாம்பல் நிழலை அதுதான் அடக்கும். அதன்மேல் ஃபவுண்டேஷனை ஒற்ற வேண்டும், தேய்த்தால் அத்தனையும் உரிந்து வரும். இந்தப் பசை தண்ணீரில் கரையும் ஜாதி என்பதால் விளக்குச் சூட்டில் நெற்றி வியர்த்தால் முதலில் புருவ வால்தான் எழும்பும். அங்கே பவுடரை இரட்டிப்பாக வையுங்கள்.

கலைக்கும்போது வெந்நீர்த் துணியை இரண்டு நிமிடம் புருவத்தின்மேல் போட்டு வையுங்கள். ராத்திரி இந்தக் குளிரில் வெந்நீருக்குச் சோம்பிப் பிய்த்தால், பசையோடு முடியும் வந்துவிடும்.

மேசைமேல் வெட்டிய திண்டு ஒரு ஜோடி இருக்கிறது. வந்து தொட்டுப் பாருங்கள், ஓரத்தை விரலால் தடவுங்கள்.