"டீச்சர், நீங்க ஊர்வலத்துக்குப் போவீங்களா?"

நேயர்களுக்கு வணக்கம்.

2003 ஜனவரி. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டன் ஊர். ஈராக் போர் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் நடப்புச் செய்தி வகுப்பு. பிள்ளைகள் கையில் சிறுவர்களுக்கான செய்தி இதழ். அதில் அமைதி ஊர்வலம் பற்றி ஒரு கட்டுரை. படித்துவிட்டு ஒரு பிள்ளை கேட்கிறது: "டீச்சர், நீங்க இந்த மாதிரி ஊர்வலத்துக்குப் போவீங்களா?"

ஆசிரியை சொன்ன பதில் சின்னதுதான். "நம்ம ஊரிலேயும் 'அமைதிக்காக ஹாரன் அடியுங்கள்' என்று அட்டை பிடித்து நிற்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது நானும் ஹாரன் அடிப்பேன். சண்டைக்குப் போவதற்கு முன்னால் பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும்" என்பது அதன் சாரம். ஒரு பெற்றோர் புகார் செய்தார். அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் ஆசிரியையின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பள்ளித் தரப்பு வேறு காரணங்களைச் சொன்னது. ஆனால் 2007இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு, காரணம் அந்தப் பதில்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஆசிரியை போட்ட வழக்கு நிற்காது என்றது. வகுப்பறையில் ஆசிரியர் பேசும் பேச்சு, பள்ளி சம்பளம் கொடுத்து வாங்கும் பேச்சு. எழுந்து வெளியே போக முடியாத பிள்ளைகள்மேல் ஆசிரியரின் சொந்தக் கருத்தை ஏற்ற முடியாது. நீதிபதி ஈஸ்டர்புரூக்கின் வாதம் இதுதான்.

இந்தப் பழைய வழக்கை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. யூத வெறுப்பைத் தடுக்கும் சட்டங்கள் ஆசிரியரின் சுதந்திரத்தைப் பறிக்கின்றன என்று இன்று அமெரிக்காவில் பெரிய வாதம் நடக்கிறது. பறிப்பதற்கு முன்னால் கையில் எவ்வளவு இருந்தது என்று பார்க்க வேண்டாமா? கல்லூரிப் பேராசிரியருக்கு உள்ள சுதந்திரம் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு எப்போதும் இருந்ததில்லை. அது ஓரளவு நியாயம் என்றும் நான் நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை நம்மை எதிர்த்துப் பேசாது, நம்பிவிடும்.

சரி, யூத வெறுப்பு என்பது வெறும் சாக்கா? இல்லவே இல்லை. அமெரிக்க மக்கள்தொகையில் யூதர்கள் ஏறக்குறைய 2 சதவீதம். மதத்தை வைத்து நடக்கும் வெறுப்புக் குற்றங்களில் பாதிக்கு மேல் அவர்களைக் குறிவைத்தே நடப்பதாக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அண்மைக் கணக்குகள் சொல்கின்றன. 2023 நவம்பரில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஹில்கிரெஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு யூத ஆசிரியை இஸ்ரேல் ஆதரவுக் கூட்டத்துக்குப் போன படத்தை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். அதைப் பார்த்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் நடைபாதைகளில் கூச்சலிட்டபடி ஓடினார்கள். அந்த அம்மா பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டியதாயிற்று. தன் மாணவர்களுக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொள்ளும் நிலை எந்த ஆசிரியருக்கும் வரக் கூடாது. இதைப் பேச்சுரிமை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தப் பின்னணியில்தான் கலிபோர்னியாவில் ஏ.பி. 715 என்ற சட்டம் வந்தது. 2025 அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்டார். யூத வெறுப்பைத் தடுப்பதற்கென்றே மாநில அளவில் ஓர் ஒருங்கிணைப்பாளர். பாடம் உண்மைத் தகவலோடு இருக்க வேண்டும், ஆசிரியரின் சொந்தக் கருத்தோ சார்போ பிரச்சாரமோ கலக்கக் கூடாது என்று விதி. யூத அமைப்புகள் பல ஆதரித்தன. கலிபோர்னியா ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. பாடப்புத்தகச் சண்டை அந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. இந்து மதத்தையும் சாதியையும் எப்படி எழுதுவது என்று 2005-06இலும் மறுபடி 2016இலும் நம் இந்தியர்களே அங்கே இரண்டு பக்கமாக நின்று மோதியிருக்கிறார்கள்.

எனக்கு இந்தச் சட்டத்தில் உறுத்துவது ஒன்று. யூத வெறுப்பைத் தடு என்கிறது. எது யூத வெறுப்பு என்று சட்டத்துக்குள் விளக்கம் இல்லை. விளக்கம் வைத்தால் சண்டை வரும் என்பது உண்மைதான். உலகில் அதிகம் பயன்படும் விளக்கம், சர்வதேச ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூதப் படுகொலை) நினைவுக் கூட்டமைப்பு 2016இல் ஏற்றுக்கொண்டது. அதில் உள்ள 11 உதாரணங்களில் பல இஸ்ரேல் என்ற நாட்டைப் பற்றியவை. வேறெந்த நாட்டின் மீதும் வைக்கும் விமர்சனத்தைப் போன்றதை இஸ்ரேல் மீது வைத்தால் அது யூத வெறுப்பாகாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை மேற்கோள் காட்டுவோர் குறைவு.

அந்த விளக்கத்தின் மூல வரைவை எழுதியவர்களில் முக்கியமானவர் கென்னத் ஸ்டெர்ன். அவரும் யூதர். வெறுப்புச் சம்பவங்களைக் கணக்கெடுப்பவர்கள் எல்லோரும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதினார். பின்னால் அதைக் கல்வி நிலையங்களில் பேச்சை அடக்கும் ஆயுதமாக எடுத்தபோது, இதற்காக நான் எழுதவில்லை என்று 2017இல் நாடாளுமன்றக் குழு முன்னாலேயே போய்ச் சொன்னார்.

சட்டம் தெளிவில்லாமல் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன். முப்பது வருஷம் வரலாறு எடுத்தவன் நான். பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடம் முடித்த அன்று, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், யூதர்களுக்கு நாடு கிடைச்சது சரி. அங்கே ஏற்கெனவே இருந்தவங்க எங்கே போனாங்க?" நல்ல கேள்வி. 1948ஐப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருக்கலாம். ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்ததையும், வதை முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களுக்குப் போக இடமில்லாமல் இருந்ததையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். "அது பரீட்சைக்கு வராது, உட்காருப்பா" என்றேன். என்னைத் தடுக்க அன்று சட்டம்கூட இல்லை. எவர் வீட்டிலிருந்து என்ன புகார் வருமோ என்ற பயம் மட்டும்தான். புகார் செய்ய ஓர் அலுவலகமே இருக்கும் ஊரில் ஆசிரியர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பாடத்தையே தாண்டிப் போய்விடுவார். அப்புறம் பிள்ளைகள் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்கள்? ஃபோனில், முப்பது நொடி வீடியோவில். ஹில்கிரெஸ்ட்டில் ஓடிய பிள்ளைகளை உசுப்பிவிட்டதும் ஃபோனில் பரவிய ஒரு படம்தான்.

சட்டத்தில் கையெழுத்திட்ட நியூசமே, ஆசிரியர்களின் கவலையைத் தீர்க்கத் தொடர்சட்டம் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அதில் இரண்டு விஷயம் தெளிவாக வர வேண்டும் என்பது என் ஆசை. யூதப் பிள்ளையை யூதன் என்பதற்காகச் சீண்டினால், அவன் மேசையில் நாஜிச் சின்னம் கீறினால், இஸ்ரேல் செய்ததற்கு அவனைப் பதில் சொல்லச் சொன்னால், உடனே நடவடிக்கை. அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். பாலஸ்தீனப் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு. ஆனால் பாடத்திட்டத்தில் உள்ள வரலாற்றை, ஆதாரத்தோடு, இரு தரப்பு ஆவணங்களையும் வைத்து நடத்தும் ஆசிரியர் மீது புகார் வந்தால், முதலில் அந்தப் பாடக் குறிப்பைப் படித்துப் பார்க்கட்டும். படிக்காமல் அவர் மீது கை வைக்கக் கூடாது.

ஹில்கிரெஸ்ட்டில் கலவரத்துக்குப் பிறகு தண்டனை, பேச்சு இரண்டும் நடந்தன. சில மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்று நியூயார்க் நகரப் பள்ளிகளின் தலைவராக இருந்த டேவிட் பேங்க்ஸ், அவரும் அதே பள்ளியில் படித்தவர், நேரில் போய் மாணவர்களோடு பேசினார். 2024 மே மாதம் நாடாளுமன்றக் குழு அவரைக் கூண்டில் நிறுத்தியதுபோலக் கேள்வி கேட்டபோதும், இதற்கு மருந்து கற்றுக்கொடுப்பதுதான் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வணக்கம்.