தேவைப்பட்டால் பள்ளம், தேவைப்பட்டால் மேடு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொலைக்காட்சி நாயகனின் இலக்கிய அறியாமை நம்பும்படி இருக்கிறதா என்பது தலைப்பு. இல்லை என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸை இழுத்து வந்தார். மூளை ஒரு பரண், வேண்டாததை அடைத்தால் வேண்டியதற்கு இடமிருக்காது என்று ஹோம்ஸ் பேசுவதை ஒப்பித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டார். பேசியவர் அதன்படி நடந்தாரா, ஐயா?

ஹோம்ஸ் தொடர்களுக்கெல்லாம் மூலமான முதல் நாவல் 1887-இல் வந்தது. அதில் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் அவருடைய அறிவைப் பட்டியல் போடுகிறார்: இலக்கிய அறிவு, பூஜ்யம். எழுத்தாளர் தாமஸ் கார்லைல் பெயரை எடுத்தால், அவர் யார், என்ன செய்தார் என்று ஹோம்ஸ் கேட்கிறாராம். கார்லைல் லண்டனிலேயே வாழ்ந்து 1881-இல் அங்கேயே இறந்தவர். போகட்டும், தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த அத்தியாயத்திலேயே, மேதைமை என்பது அலுக்காமல் பாடுபடும் ஆற்றல் என்பார்கள் என்கிறார் இதே ஹோம்ஸ். அது கார்லைல் பெயரில் வழங்கிவரும் வாசகம்! பிறகு பிரெஞ்சுக் கவிஞர் புவாலோவின் வரியைப் பிரெஞ்சிலேயே சொல்கிறார். 1890-இல் வந்த இரண்டாம் நாவலில், கார்லைல் வழியாகத்தான் ஜெர்மன் எழுத்தாளர் ழான் பாலிடம் போனேன் என்று வாட்சன் சொல்ல, ஓடையைப் பிடித்து ஏரிக்குப் போன கதை என்று ஹோம்ஸ் தீர்ப்பே எழுதிவிடுகிறார்.

கார்லைலைத் தெரியாததுபோல் நடித்து ஹோம்ஸ் வாட்சனைச் சீண்டினார் என்பீர்கள். சீண்டல் என்றால் அங்கே அறியாமையே இல்லை, உங்கள் அணிக்கு வேலையும் இல்லை.

2010-இல் பிபிசி எடுத்த தொடரில், பூமி சூரியனைச் சுற்றுவது ஹோம்ஸுக்குத் தெரியாது. அதே எபிசோடில் போலி ஓவியத்தை அவர் எதை வைத்து அம்பலப்படுத்துகிறார்? ஓவியரின் காலத்துக்குப் பின் வெடித்த நட்சத்திரம் ஒன்று அந்த ஓவியத்தில் இருப்பதை வைத்து! சிரிப்பு வேண்டும்போது அறிவில் பள்ளம், தடயம் வேண்டும்போது மேடு.

நிஜ மனிதரின் அறியாமை வேறு மாதிரி. படித்த நூல், கதை மட்டும் தெரிந்த நூல், பெயரளவில் காதில் விழுந்த நூல் என்று மூன்று படி உண்டு. பெரும்பாலோர் மூன்றாம் படியில் நின்று தப்பாகச் சொல்வார்கள். 1818-இல் வெளியான மேரி ஷெல்லியின் நாவலில் ஃபிராங்கன்ஸ்டைன் என்பது விஞ்ஞானியின் பெயர்; அவன் உருவாக்கிய உயிருக்குப் பெயரே கிடையாது. அரக்கன்தான் ஃபிராங்கன்ஸ்டைன் என்று அடித்துப் பேசும் பாத்திரத்தை நான் நம்புவேன். தெரியாததற்குத் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றுபவரையும் நம்புவேன். திரையிலோ மூன்று படியையும் ஒரேயடியாக இடித்துவிட்டு, "யார் அது?" என்று கூசாமல் கேட்க வைக்கிறார்கள். ஏன்? பக்கத்தில் இருப்பவர் விளக்க வேண்டும், பார்வையாளருக்குப் புரிய வேண்டும். அந்தக் கேள்வியை நீக்கிப் பாருங்கள். விளக்கம் அப்போதும் தேவைப்பட்டால், அறியாமை பாத்திரத்துடையது அல்ல, நம்முடையது. நகைச்சுவைத் தொடருக்கு வேண்டுமானால் கொஞ்சம் சலுகை தரலாம்.

அடுத்து வரும் எதிரணி நண்பர் ஒரே ஒரு பாத்திரத்தைக் காட்டட்டும்: முதல் எபிசோடில் தெரியாதது பத்தாவதிலும் தெரியாமல், அதனாலேயே ஒரு வழக்கையோ வேலையையோ பறிகொடுத்த பாத்திரம். காட்டினால் என் நேரத்தில் மிச்சத்தை அவருக்கே தந்துவிடுகிறேன், நடுவர் அவர்களே.